கலிஃபோர்னியா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டில் ஏன் துண்டு விழுகிறது, யாரைக் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் வந்தாலே பே ஏரியா தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுதான். டீச்சருக்கு லேஆஃப் நோட்டீஸ் வந்திருக்கிறதாம், அடுத்த வருஷம் மியூசிக் வகுப்பு கிடையாதாம், பக்கத்து ஸ்கூலை மூடப்போகிறார்களாம், இவ்வளவு வரி கட்டுகிறோமே பணமெல்லாம் எங்கே போகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவிடலாம் என்று இதை எழுதுகிறேன். இதில் இருப்பது கலிஃபோர்னியா நிலவரம் மட்டுமே, மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

ஸ்கூலுக்குப் பணம் எங்கிருந்துதான் வருகிறது? ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டுகிறோமே, அது போதாதா?

ஒரு காலத்தில் ப்ராப்பர்ட்டி டாக்ஸை வைத்துத்தான் இங்கே பள்ளிகள் நடந்தன. பணக்கார ஊரில் நல்ல பள்ளி, ஏழை ஊரில் ஓட்டைப் பள்ளி என்று இருப்பது நியாயமில்லை என்று 1971-ல் செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-ல் மக்கள் ஓட்டுப்போட்டு ப்ரொபொசிஷன் 13-ஐக் கொண்டுவந்தார்கள். அதன்படி வரி வீட்டு மதிப்பில் 1 சதவீதம்தான், அந்த மதிப்பையும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து பள்ளிகளின் தலையெழுத்தை மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவின் கையில் கொடுத்துவிட்டன. 1988-ல் வந்த ப்ரொபொசிஷன் 98 மாநில வருமானத்தில் பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜுகளுக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்தது, பொது நிதியில் ஏறத்தாழ 40 சதவீதம்.

இப்போது இருக்கும் கணக்கு 2013-ல் ஜெர்ரி பிரவுன் கவர்னராக இருந்தபோது வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் வகுப்பைப் பொறுத்து ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பத்துக் குழந்தை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தை, ஃபாஸ்டர் பராமரிப்பில் இருக்கும் குழந்தை என்றால் அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். இப்படிப்பட்ட குழந்தைகள் 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு (ஓர் ஊரின் பொதுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்பு) இன்னும் கொஞ்சம். உங்கள் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் இந்தத் தொகைக்குள் முதலில் கழிக்கப்படும், குறைவதை மாநிலம் போடும். அதனால் உங்கள் தெருவில் வீட்டு விலை ஏறினாலும் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குப் பணம் கூடாது, மாநிலம் போடும் பங்குதான் குறையும்.

பாலோ ஆல்டோ மாதிரி சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் உள்ளூர் வரியே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். தாண்டியதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். இவற்றை ‘பேசிக் எய்ட்’ டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கீழே வருகைப் பதிவைப் பற்றிச் சொல்வதெல்லாம் பேசிக் எய்ட் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் பொருந்தாது.

பையன் ஒரு நாள் லீவு போட்டால் ஸ்கூலுக்குப் பண நஷ்டம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். மாநிலம் பணம் கொடுப்பது பள்ளியில் சேர்ந்திருக்கும் தலைகளை எண்ணி இல்லை, தினமும் வந்து உட்கார்ந்திருக்கும் தலைகளின் சராசரியை எண்ணி. ஏடிஏ என்று டிஸ்ட்ரிக்ட்காரர்கள் வாய் ஓயாமல் சொல்வது இதைத்தான். முன்பு காய்ச்சல் என்று சீட்டு கொடுத்தால் அந்த நாளும் வருகைக் கணக்கில் சேரும். 1997-ல் நிறைவேறிய ஒரு சட்டம் அதை எடுத்துவிட்டது. 1998-99 கல்வியாண்டிலிருந்து காரணம் நியாயமானதோ இல்லையோ, குழந்தை வராவிட்டால் அந்த நாளுக்குப் பணம் கிடையாது. சீட்டு கொடுத்தால் குழந்தையின் பேரில் கெட்ட பெயர் வராது, அவ்வளவுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாதிரி வெகு சில மாநிலங்கள்தான் இன்னும் இந்த முறையை வைத்திருக்கின்றன. சேர்க்கையை வைத்தே பணம் கொடுக்கலாம் என்று 2022-ல் இங்கே ஒரு மசோதா வந்தது, தேறவில்லை.

எவ்வளவு போகும் என்றால், 2023-24-ல் 4 முதல் 6-ம் வகுப்பு வரையிலான குழந்தைக்கு அடிப்படைத் தொகை 10,069 டாலர். 180 பள்ளி நாட்களால் வகுத்தால் நாளுக்கு 56 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இது தோராயமான கணக்குதான். மாநிலம் முக்கியமாகப் பார்க்கும் வருகைப் பதிவு ஏப்ரல் நடுவோடு முடிந்துவிடும், அப்புறம் 2022-லிருந்து நடப்பு ஆண்டு, போன ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆகிய மூன்றில் எது கூடுதலோ அதை டிஸ்ட்ரிக்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இன்றைக்கு வராத குழந்தையின் நஷ்டம் இன்றைக்கே தெரியாது, மெதுவாக இறங்கும். ஒரேயடியாகப் பணம் குறைந்தால் ஊரே கேட்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் கேட்க ஆளில்லை.

கொரோனாவுக்கு முன் 2018-19-ல் வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு நாட்களுக்கு மேல் வராத குழந்தைகள் இந்த மாநிலத்தில் சுமார் 12 சதவீதம். 2021-22-ல் அது 30 சதவீதம் ஆனது. பிறகு குறைந்துகொண்டு வருகிறது, ஆனால் பழைய இடத்துக்கு இன்னும் வரவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், பொங்கல் முடிந்துதான் திரும்புவோம். என்ன செய்வது?

நம் ஆட்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பள்ளி விடுமுறை இரண்டு வாரம், சென்னைக்கோ மதுரைக்கோ போய்வர ஐந்து வாரம் வேண்டும், டிக்கெட் விலை வேறு, தாத்தா பாட்டிக்கு வயதாகிறது. போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள்.

‘இன்டிபென்டென்ட் ஸ்டடி’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெற்றோர் கேட்டால் பள்ளி ஓர் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போடும், அதில் பெற்றோர், மாணவர், ஆசிரியர் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். ஊரில் இருக்கும்போது குழந்தை செய்ய வேண்டிய பாடம் கொடுக்கப்படும். திரும்பி வந்து அதை ஒப்படைத்தால் ஆசிரியர் மதிப்பிட்டு, அத்தனை நாள் வேலைதான் என்று ஒப்புக்கொண்ட அளவுக்கு வருகை பதிவாகும். குழந்தைக்கும் பாடம் விடாது, டிஸ்ட்ரிக்ட்டுக்கும் பண நஷ்டம் இல்லை. பள்ளி நாள் 15 போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 840 டாலர். ஒரு டிஸ்ட்ரிக்ட்டில் நூறு குழந்தைகள் இப்படிப் போனால் 84,000 டாலர். ஓர் ஆசிரியரின் ஒரு வருஷச் சம்பளத்தை நெருங்கும் தொகை அது.

இங்கே இரண்டு இடத்தில் காரியம் கெடும். ஒன்று, கிளம்புவதற்கு முந்தின நாள் போய் ஆபீசில் கேட்பது. இத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும், இத்தனை நாள்தான் தருவோம் என்று ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் விதி வைத்திருக்கிறது, டிக்கெட் போடும்போதே விசாரித்துவிடுங்கள். இரண்டாவது, பாடத்தை முடிக்காமல் திரும்புவது. கொடுத்த பாடத் தாள்களை அப்படியே திருப்பிக் கொடுத்தால் ஒப்பந்தம் வெறும் காகிதம்தான், ஒரு நாளும் பதிவாகாது. அத்தை வீட்டுக் கல்யாணம், கோயில், கடற்கரை என்று நாள் ஓடிவிடும், கடைசியில் விமானத்தில் உட்கார்ந்து 15 நாள் கணக்குப் பாடத்தைப் போடவைப்பது அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் அநியாயம். தினம் காலையில் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கிவிட்டால் தொல்லை இல்லை.

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் போனால் அத்தனையும் காரணமில்லாத லீவு. வருஷத்தில் மூன்று நாள் அப்படி ஆனாலே சட்டப்படி ‘ட்ரூவன்ட்’ என்று கடிதம் வரும். சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் நீண்ட நாள் வராத குழந்தையின் பெயரை எடுத்துவிட்டு, திரும்பி வந்தபின் இடமிருக்கும் வேறு பள்ளிக்கு அனுப்புவதும் நடக்கிறது.

அட்மிஷன் ஃபாரத்தில் வீட்டு மொழி கேட்கிறார்கள். ‘இங்கிலீஷ்’ என்று போடச் சொல்லி நண்பர்கள் சொல்கிறார்களே?

வேண்டாம், உண்மையை எழுதுங்கள். குழந்தை முதலில் பேசியது எந்த மொழி, வீட்டில் அதிகம் பேசுவது எது, நீங்கள் குழந்தையோடு பேசுவது எது, பெரியவர்களுக்குள் பேசுவது எது என்று நான்கு கேள்வி இருக்கும். தமிழ் என்று எழுதினால் எல்பேக் என்ற ஆங்கிலப் பரீட்சை வைப்பார்கள், அதற்குப் பயந்துதான் நம்மவர்கள் எல்லாக் கட்டத்திலும் இங்கிலீஷ் என்று நிரப்புகிறார்கள். பரீட்சையில் குழந்தை நன்றாகச் செய்தால் அன்றோடு விஷயம் முடிந்தது. செய்யாவிட்டால் ஆங்கிலத்துக்குத் தனிக் கவனம் கிடைக்கும், தேறியதும் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் வெளியே வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழந்தைக்காக டிஸ்ட்ரிக்ட்டுக்கு 20 சதவீதம் கூடுதல் பணம் வருகிறது. மேலே சொன்ன 4 முதல் 6-ம் வகுப்புக்கு அது வருஷத்துக்கு 2,000 டாலர் சொச்சம். அக்டோபர் மாதம் முதல் புதன்கிழமை மாநிலம் இந்தத் தலைகளை எண்ணும். வருமான ஃபாரமும் அப்படித்தான். 2022-லிருந்து எல்லாக் குழந்தைக்கும் சாப்பாடு இலவசம் என்பதால் அந்த ஃபாரத்தை நிரப்பப் பலருக்குத் தோன்றுவதில்லை, தகுதியுள்ள குடும்பம் நிரப்பாமல் விட்டால் அந்தப் பள்ளிக்கு வரவேண்டிய பணம் வராது.

எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் ஒரே நேரத்தில் பணமில்லை என்கிறார்களே, என்ன நடந்தது?

பல விஷயம் ஒன்றுசேர்ந்து வந்துவிட்டது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 2014-15-ல் மாநிலப் பொதுப் பள்ளிகளில் 62 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், 2024-25-ல் சுமார் 58 லட்சம். பிறப்பு குறைந்தது, வீட்டு வாடகை இளம் குடும்பங்களை ஊரைவிட்டே துரத்தியது. குபர்டினோ மாதிரி, பள்ளிக்காகவே மக்கள் வீடு வாங்கும் ஊரில்கூட 2022-ல் ஆரம்பப் பள்ளிகளை மூடினார்கள். முப்பது குழந்தைகள் குறைந்தால் அவர்கள் ஒரே வகுப்பிலிருந்து குறைவதில்லை, வகுப்புக்கு ஒன்றிரண்டாகக் குறைகிறார்கள். ஆசிரியரும் வேண்டும், கட்டடமும் வேண்டும், வருமானம் மட்டும் குறையும்.

ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கு 2013-14-ல் சம்பளத்தில் 8.25 சதவீதமாக இருந்தது, இப்போது 19.1 சதவீதம். கொரோனா காலத்தில் மத்திய அரசு கொடுத்த நிவாரணப் பணத்தை ஒதுக்கக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. ஒருமுறை வரும் பணத்தை வைத்து நிரந்தர வேலைகளைப் போட்ட டிஸ்ட்ரிக்ட்டுகள் அதற்குப் பிறகு திண்டாடுகின்றன. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கல்விக்கு ஆகும் கூடுதல் செலவுக்காக, நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-ல் வாஷிங்டன் சொன்னது, அதில் பாதியைக்கூடப் பெரும்பாலான வருஷங்களில் கொடுத்ததில்லை. மீதியை டிஸ்ட்ரிக்ட் தன் பொது நிதியிலிருந்து போடுகிறது, போட்டே ஆகவேண்டும், அந்தக் குழந்தைகளின் உரிமை அது. இதோடு மாநிலம் விலைவாசிக்கேற்பத் தரும் உயர்வு 2023-24-ல் 8.22 சதவீதம், அடுத்த வருஷமே 1.07. முந்தைய வருஷத்தின் எண்ணை நம்பிச் சம்பள ஒப்பந்தம் போட்டவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் இது யாருடைய தப்பும் இல்லையா?

மேலே சொன்ன எதுவும் திடீரென்று வந்ததில்லை, அதனால் தப்பு இருக்கிறது. இன்று கிண்டர்கார்டனில் எத்தனை குழந்தைகள் என்று தெரிந்தால் ஐந்து வருஷம் கழித்து ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஓய்வூதிய விகிதம் எப்படி ஏறும் என்பதை 2014-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நிவாரணப் பணம் எந்தத் தேதியில் நிற்கும் என்பது பணம் வந்தபோதே தெரியும். இத்தனையும் தெரிந்தும் டிஸ்ட்ரிக்டை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்கூல் போர்டின் கூட்டத்தில் கைதூக்கியவர்கள் இருக்கிறார்கள், இந்த எண் சரியென்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

கவனக்குறைவால் கைநழுவும் பணம் தனி. வருஷாவருஷம் வெளித் தணிக்கையாளர் வந்து வருகைப் பதிவேட்டைச் சோதிப்பார். இன்டிபென்டென்ட் ஸ்டடி ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தால் அந்த நாட்களுக்கு வாங்கிய பணத்தை மாநிலம் திரும்பக் கேட்கலாம். சட்டம் சொன்ன நிமிடக் கணக்குக்குக் குறைவாகப் பள்ளி நடத்தினால் அபராதம். காட்டுத்தீப் புகையால் பள்ளியை மூடினால் ஜே-13ஏ என்ற மனுவைப் போட்டு அந்த நாட்களின் பணத்தைக் காப்பாற்றலாம், போடாமல் விட்டால் போனது போனதுதான். தணிக்கை அறிக்கை பொது ஆவணம், கடைசிப் பக்கங்களில் ‘ஃபைண்டிங்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். போன வருஷம் சொன்ன அதே குறை இந்த வருஷமும் இருந்தால் அதைத் திருத்தவேண்டியவர் யார் என்று போர்டில் கேளுங்கள். வேலை செய்யும் கிளார்க்கைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, பல பள்ளிகளில் ஒரே ஆள்தான் போனும் எடுத்து வருகையும் பதிந்து அடிபட்ட குழந்தைக்குக் கட்டும் போடுகிறார். அந்த ஒரு வேலையையும் வெட்டித்தான் பட்ஜெட்டைச் சரிக்கட்டுவோம் என்று மேலே முடிவெடுப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

டிஸ்ட்ரிக்டை யார் கண்காணிக்கிறார்கள்?

கவுன்டி, அதாவது மாநிலத்துக்குக் கீழே நம் ஊர் மாவட்டம் மாதிரி இருக்கும் நிர்வாகம். அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1991 வசந்த காலத்தில், சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ரிச்மண்ட் டிஸ்ட்ரிக்ட்டில் பணம் தீர்ந்துபோனது. பள்ளி வருஷம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது மே 1-ம் தேதியோடு எல்லாப் பள்ளிகளையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 31,500 குழந்தைகள். பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். பணத்தை அழித்தது உள்ளூர் போர்டு, நாங்கள் ஏன் பொறுப்பாக வேண்டும் என்று மாநிலம் வாதாடியது. குழந்தையின் படிப்புக்குக் கடைசிப் பொறுப்பு மாநிலத்துடையதுதான் என்று 1992 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் பெயர் இருந்த டாம் பட் என்ற பெற்றோர் பின்னாளில் ரிச்மண்ட் மேயரே ஆனார்.

அந்த 1991-லேயே ஏபி 1200 என்ற சட்டம் வந்தது. அதன்படி டிஸ்ட்ரிக்ட்டின் பட்ஜெட்டை கவுன்டி கல்வி அலுவலகம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், நிலைமை கைமீறினால் போர்டின் முடிவையே நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் கவுன்டிக்கு அதிகாரம் உண்டு. நெருக்கடியில் போய் உதவ ‘ஃபிக்மாட்’ என்ற குழுவும் அதே சட்டத்தில் பிறந்தது. ஆசிரியர் சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் போடும்போது இந்தச் செலவை டிஸ்ட்ரிக்ட்டால் தாங்க முடியும் என்று அதன் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டும் நிதி அதிகாரியும் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். பொறுப்பு யாருடையது என்று கேட்பவர்கள் முதலில் தேடவேண்டியது இந்தக் காகிதத்தைத்தான்.

பாசிட்டிவ், குவாலிஃபைட், நெகட்டிவ் என்கிறார்களே?

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் டிசம்பர் நடுவிலும் மார்ச் நடுவிலும் தன் நிலைமையைத் தானே மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். இந்த வருஷமும் அடுத்த இரண்டு வருஷமும் கடனைக் கட்டிச் சமாளிக்க முடியும் என்றால் பாசிட்டிவ், முடியாமல் போகலாம் என்றால் குவாலிஃபைட், இந்த வருஷமோ அடுத்த வருஷமோ நிச்சயம் முடியாது என்றால் நெகட்டிவ். கவுன்டிக்கு இதை மாற்றும் அதிகாரம் உண்டு. பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூடிவைத்துவிடாதீர்கள். உள்ளே ‘மல்டி இயர் ப்ரொஜெக்ஷன்’ என்று ஒரு பக்கம் இருக்கும், மூன்றாவது வருஷத்துப் பத்தியில் ‘இன்னும் முடிவு செய்யாத வெட்டு’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். என்ன வெட்டப்போகிறோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கழித்துப் பாசிட்டிவ் ஆக்கியிருந்தால் அதுதான் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

ரிசர்வில் கோடிக்கணக்கில் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன?

1,000 முதல் 30,000 மாணவர் வரை உள்ள டிஸ்ட்ரிக்ட் தன் செலவில் 3 சதவீதத்தைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும், அதைவிடப் பெரியதென்றால் 2 சதவீதம். 10 கோடி டாலர் பட்ஜெட் என்றால் 30 லட்சம். பட்ஜெட்டில் ஐந்தில் நான்கு பங்கு சம்பளமும் சலுகையும்தான் என்பதால் அந்த 30 லட்சம் அரை மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. அதற்கு மேல் பெரிய தொகை சும்மா கிடந்தால் கேள்வி கேட்பது நியாயம்.

டிஸ்ட்ரிக்ட்டே திவாலானால் என்ன ஆகும்?

மாநிலம் அவசரக் கடன் கொடுக்கும். கடன் பெரிதென்றால் சூப்பரின்டென்டென்ட் வேலை போகும், தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு வெறும் ஆலோசனைக் குழு ஆகிவிடும், வெளியிலிருந்து வரும் நிர்வாகி முடிவெடுப்பார்.

ஓக்லாண்டைப் பாருங்கள். 2000-ல் வந்த சூப்பரின்டென்டென்ட் டென்னிஸ் சகோனஸ் ஆசிரியர்களுக்கு மூன்று வருஷத்தில் 24 சதவீதம் உயர்வு கொடுத்தார். நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது, அக்கம்பக்கத்தைவிடக் குறைவான சம்பளத்தில் ஆசிரியர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது. 2003-ல் டிஸ்ட்ரிக்ட் கவிழ்ந்தது, மாநிலம் 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்து ராண்டால்ஃப் வார்டு என்பவரை நிர்வாகியாக அனுப்பியது. போர்டுக்கு அதிகாரம் திரும்பக் கிடைத்தது 2009-ல். வருஷத்துக்கு சுமார் 60 லட்சம் டாலர் என்று கட்டிக்கட்டிக் கடன் தீர்ந்தது 2025-ல்.

இந்த 22 வருஷத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கடன் வாங்கவைத்த முடிவுகளை எடுத்தவர்கள் 2003-லேயே போய்விட்டார்கள். அன்றைக்குப் பிறந்திருக்காத குழந்தைகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும்வரை, தங்கள் வகுப்பறைக்கு வரவேண்டிய பணத்தை வட்டியும் அசலுமாகக் கட்டியிருக்கிறார்கள். கடனும் பாடம் கற்றுத்தரவில்லை. 2022-ல் பள்ளிகளை மூட ஓட்டெடுத்தார்கள், அதை எதிர்த்துப் பள்ளி ஊழியர்கள் இருவர் உண்ணாவிரதம் இருந்தார்கள், 2023-ல் புதிய போர்டு வந்து பெரும்பாலான மூடல்களை ரத்து செய்தது, 2024 கடைசியில் அடுத்த வருஷத்துக்கு 9.5 கோடி டாலர் பற்றாக்குறை என்றார்கள். மூடுவதா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரு பக்கம் இல்லை, ஆனால் மூடவும் மாட்டோம் வேறெதையும் குறைக்கவும் மாட்டோம் என்று தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஓட்டுப்போட்டவர்களின் பெயர் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. ஆகவே தண்டனை பிற்பாடு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மோசமான தீர்ப்புக்கு ஜெயில் இல்லை. கையெழுத்து விழுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான் வழி.

சான் ஃப்ரான்சிஸ்கோவில் சம்பளமே சரியாகப் போகவில்லையாமே?

ஆமாம். 2022 ஜனவரியில் புதிய சம்பள மென்பொருளுக்கு மாறினார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை, சிலருடைய மருத்துவக் காப்பீடு அறுந்தது. மார்ச்சில் ஆசிரியர்கள் தலைமையகத்தில் போய்ப் படுத்தார்கள், நவம்பரில் டிஸ்ட்ரிக்ட் அவசரநிலை அறிவித்தது. 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்தபின் அந்த மென்பொருளையே கைவிட்டார்கள். 2024 மே மாதம் டிஸ்ட்ரிக்ட்டின் தரம் நெகட்டிவ் ஆனது. அந்த இலையுதிர்காலத்தில் மூடவேண்டிய பள்ளிகளின் பட்டியல் வெளியாகி ஊர் கொந்தளித்ததும் சூப்பரின்டென்டென்ட் ராஜினாமா செய்தார். அங்கே நகரமும் கவுன்டியும் ஒன்றே என்பதால் மேற்பார்வை நேராக மாநிலத்துக்குப் போய்விட்டது.

போன தேர்தலில் ஸ்கூல் பாண்டுக்கு ஓட்டுப்போட்டோமே, அந்தப் பணம்?

பாண்டு, அதாவது கடன் பத்திரம் விற்றுத் திரட்டும் பணத்தைக் கட்டடத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம், சம்பளத்துக்குத் தொடக்கூடாது. அதனால்தான் புது ஜிம் கட்டிக்கொண்டே டீச்சரை வீட்டுக்கு அனுப்புவதைப் பார்க்கிறீர்கள். இதற்கு 55 சதவீத ஓட்டுப் போதும். சம்பளத்துக்கு உதவக்கூடிய பார்சல் டாக்ஸுக்கு (ஒவ்வொரு மனைக்கும் போடும் உள்ளூர் வரி) பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அதனால் பல ஊர்களில் தோற்கிறது. லாட்டரிப் பணம் மொத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும்.

ஏன் மார்ச்சில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மே மாதம் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்?

அடுத்த வருஷம் வேலை இருக்காமல் போகலாம் என்று ஆசிரியருக்கு மார்ச் 15-க்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கவர்னரின் திருத்திய பட்ஜெட் மே நடுவில்தான் வரும், சட்டமன்றம் அதை நிறைவேற்றுவது ஜூன் 15. எவ்வளவு வரும் என்று தெரிவதற்கு முன்னாலேயே ஆட்களைக் குறிக்கவேண்டியிருப்பதால் டிஸ்ட்ரிக்ட் கூடுதலாகவே குறித்துவைக்கிறது. பணியில் இளையவர்களுக்குத்தான் நோட்டீஸ் போகும். பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கும், ஆனால் அதற்குள் சிலர் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் சேர்ந்திருப்பார்கள்.

போர்டு கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்பது?

போகவேண்டியது டிசம்பர் கூட்டத்துக்கு, மார்ச்சுக்குள் முடிவு முக்கால்வாசி எடுக்கப்பட்டிருக்கும். கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்பது ப்ரௌன் சட்டம், அதோடு பட்ஜெட் ஆவணமும் இணைப்பாக இருக்கும். பொதுமக்கள் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள், அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வருகை விகிதம் கொரோனாவுக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு, அந்த வித்தியாசம் டாலரில் எத்தனை, அதைத் திரும்பப் பெற என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பொதுவாகப் பேசித் தப்பிக்க முடியாது. பட்ஜெட்டைப் பற்றி கவுன்டி எழுதிய கடிதத்தை டிஸ்ட்ரிக்டிடம் கேட்டு வாங்குங்கள், டிஸ்ட்ரிக்ட் பூசி மெழுகியதை கவுன்டி அதில் நேராகவே எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆவணம் தரத் தயங்கினால் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம், தருவார்களா இல்லையா என்பதை 10 நாளில் சொல்லியாக வேண்டும். நாலு பெற்றோர் சேர்ந்து ஆளுக்கு ஒரு கேள்வியாகப் பிரித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

எச்-1பி-யில் இருக்கிறோம், ஓட்டே இல்லை. எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

போர்டில் பேச ஓட்டுரிமை தேவையில்லை, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளி அளவிலான ‘சைட் கவுன்சில்’, ஆங்கிலம் கற்கும் குழந்தைகளுக்கான பெற்றோர் குழு ஆகியவற்றில் உறுப்பினராகலாம், கூடுதல் 20 சதவீதப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று பேசும் இடங்கள் அவை. நிறைய ஊர்களில் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. சான் ஃப்ரான்சிஸ்கோவில் மட்டும் 2016-ல் ஓட்டெடுத்து, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்கலாம் என்று வைத்தார்கள், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் விசாவில் இருப்பவர்கள் பதிவு செய்வதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பதிவு பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் கேள்வியாக வரக்கூடும்.